பாதிப் புத்தகத்து ஆளுங்க

முதல்ல வந்தவர் ஒரு வக்கீல். காப்பியில விஷம் வச்சுக் கொல்லப்பட்டவர், அதனால உதடு ரெண்டும் நாவப்பழம் தின்ன மாதிரி நீலமாக் கெடந்துச்சு. கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமா, பேப்பர் படிக்க வர்றவங்களுக்குன்னு எங்க நூலகத்து வாசல்ல போட்டிருக்கற பெஞ்சுல, நான் பூட்டைத் திறக்க வர்றதுக்கு முன்னாடியே உக்காந்திருந்தார். "யாருங்க வேணும்?"னு கேட்டேன். "என்னைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், அம்மா"ன்னார். அன்னைக்குப் பாத்து கூட்டிப் பெருக்கற பொம்பளை லீவு, எனக்கு முட்டி வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, "சரிங்க, காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க, பெருக்கிக்கறேன்"னு சொல்லிட்டு வெளக்குமாத்தை எடுத்தேன். அவரும் மரியாதையா காலைத் தூக்கிக்கிட்டார்.

செம்மாண்டபுதூர் விசைத்தறி ஊர். எந்தத் தெருவுல திரும்பினாலும் தறிக்குடோன், ராத்திரி பகல் சத்தம். இங்க பொறக்கற குழந்தைங்க அந்தச் சத்தத்துலதான் தூங்கும், கரண்ட் போய் சத்தம் நின்னுதுன்னாத்தான் திடுக்குன்னு முழிச்சு அழும். இந்த ஊர்க் கிளை நூலகத்துக்கு நான்தான் நூலகர். பேரு தெய்வானை, ஆனா அந்தப் பேரைச் சொன்னா தபால்காரருக்கே தெரியாது, லைப்ரரி அக்கான்னாத்தான் தெரியும். வந்த புதுசுல நல்ல நல்ல புத்தகமாப் பாத்துக் குடுத்து ஊரையே திருத்திப்புடலாம்னு இருந்தேன். தறிக்காரங்க வந்து, "அக்கா, மர்ம நாவல் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாங்க, அடுத்த நாளும் அதையே கேட்டாங்க, அதுக்கடுத்த நாளும் அதையே கேட்டாங்க, கடைசியில நான்தான் திருந்தினேன். தறி ஓட்டறவன் எழை அந்துபோற இடத்துக்கெல்லாம் ஓடணும், ஓடிட்டு வந்து நின்ன வாக்குல நாலு வரி படிக்கணும், அந்த நாலு வரிக்குள்ள ஒருத்தன் சாகலைன்னா தூக்கம் சொக்கிரும். ஆகக்கூடி யாருக்கு எந்தக் கொலை சரிப்படும்னு பாத்து எடுத்துக் குடுக்கறதே என் பொழப்பாப் போச்சு. தறி ஓட்டற மாரப்பனுக்கு மொதப் பக்கத்துலயே பொணம் விழுந்தாகணும். ரத்தத்தைக் கண்டா மயங்கற டெய்லர் சம்பத்துக்கு விஷம், தண்ணியில முங்கறதுன்னு துணி கெடாத சாவாப் பாத்துக் குடுக்கணும். நான் யோசிக்கவே வேண்டாம், ஆளைப் பாத்தா கை தானாப் போய் அலமாரியில எடுக்கும்.

அப்புறம் குடோனுக்குக் குடோன் புதுத்தறி வந்து எறங்குச்சு, நாலு தறி பாத்துட்டு இருந்தவனை எட்டு தறி பாருன்னாங்க, மனுசங்க எதையும் பாதியில விட ஆரம்பிச்சாங்க. சோத்தைப் பாதியில விட்டாங்க, பேச்சைப் பாதியில விட்டாங்க, சண்டையைக்கூடப் பாதியில விட்டுட்டு ஷிப்டுக்கு ஓடினாங்க, புத்தகத்தையும் பாதியில விட்டாங்க. மாரப்பன் பாதியில விட்ட நாவல்ல இருந்துதான் அந்த வக்கீல் எறங்கி வந்தது. அவருக்குப் பின்னாடி, முதுகுல குத்தின கத்தியோட ஒரு மில் முதலாளி வந்தார், நீச்சல் குளத்துல செத்ததால எந்நேரமும் தலை சொட்டச் சொட்ட ஒரு நடிகை வந்தா, மாடியில இருந்து தள்ளிவிடப்பட்ட ஒரு ஜமீன்தார் கழுத்தை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு வந்தார், வந்தவங்க எல்லாம் பெஞ்சுல எடம் பத்தாம படியில உக்காந்து, புத்தகத்துல பேசற மாதிரியே சுத்தமான தமிழ்ல ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதா என்ன? வக்கீல்கிட்ட, "உங்க சித்தப்பா மகன்தாங்க, சொத்துக்காக"ன்னு பட்டுன்னு சொன்னேன். தலையாட்டினார், நன்றின்னார், மறு நிமிசமே, "என்னைக் கொன்றது யார், அம்மா?"ன்னார். கடைசி அத்தியாயத்தைப் பக்கத்துல உக்காந்து நானே படிச்சுக் காட்டினேன், ம்ஹூம், ஏறவே இல்லை. ஆரம்பிச்சவங்க எவங்களோ அவங்கதான் முடிக்கணும், அப்பத்தான் புத்தகத்துக்குள்ள திரும்பிப் போக முடியும், அதுதான் மொறை போல இருக்கு. மாரப்பனைக் கூப்பிட்டு, "ஒரு இருவது பக்கம்தான்டா, படிச்சு அவரை அனுப்பி வச்சுரு, பாவம்"னேன். "எட்டுத் தறிங்க்கா"ன்னு ஒரே வார்த்தை, போயிட்டான். அவனைச் சொல்லி என்ன பண்றது, கண்ணு ரெண்டும் கொவ்வைப்பழமா செவந்து கெடந்துச்சு.

ஊரு கொஞ்ச நாள் வேடிக்கை பாத்துச்சு, அப்புறம் பழகிருச்சு. டீக்கடையில அவங்களுக்குன்னு தனி கிளாஸ் வச்சாங்க, அவங்க குடிக்கறது இல்லை, ஆனாலும் முன்னாடி வைக்காம இருக்கறது நல்லா இருக்காதுன்னு வச்சாங்க. டவுன் பஸ்ல கண்டக்டர் அவங்களுக்கு அரை டிக்கெட் போட்டார். மில் முதலாளிக்கு முதுகுல கத்தி இருக்கறதால சீட்டுல சாய முடியாது, நின்னுக்கிட்டே வருவார், நெரிசல்ல கையில எடமில்லாத பொம்பளைங்க அவரு முதுகுக் கத்தியில சோத்துத் தூக்குப்போசியை மாட்டிவிட்டுட்டு எறங்கறப்ப எடுத்துக்குவாங்க. மாரியம்மன் பண்டிகையப்ப அவங்களையும் ஒரு வரிசையில உக்கார வச்சு எலை போட்டாங்க. ஓட்டுக் கேட்டு வந்தவங்க மட்டும், கும்பிட்ட கையை அவங்க பக்கம் வர்றப்ப எறக்கிக்கிட்டாங்க.

அதோட விட்டிருந்தா ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் குடோன் பக்கம் வந்து சும்மா உக்காந்திருந்த வக்கீலைப் பாத்து, எழை அந்துபோன அவசரத்துல மாரப்பன், "சாமி, இந்த நுனியைக் கொஞ்சம் முடிஞ்சு விடுங்"னு குடுத்தான், அவரும் முடிஞ்சு விட்டார். அடுத்த நுனியைக் குடுத்தான், அதையும் முடிஞ்சார். விடியற வரைக்கும் முடிஞ்சார். பசிங்கலை, தூக்கம்ங்கலை, ஒண்ணுக்குப் போகணும்னுகூடச் சொல்லலை. குடோன்காரர் வெள்ளிங்கிரி அதை நின்னு பாத்துட்டார்.

அடுத்த வாரத்துல இருந்து என் நூலகத்துல கூட்டம் அலைமோதுச்சு. புது உறுப்பினருங்களா வந்து சேர்ந்தாங்க, எல்லாருக்கும் மர்ம நாவல், எல்லாரும் பாதி படிச்சுட்டு மூடி வச்சாங்க. வாசகர் பெருகிட்டாங்கன்னு நானும் கொஞ்ச நாள் தலைகால் புரியாம திரிஞ்சேன், என்னைய எதுல அடிக்கறது. அப்புறம்தான் வெள்ளிங்கிரி நேர்ல வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "ஏனுங்க்கா, நம்ம பசங்களுக்கு புக்கு எடுத்துக் குடுக்கறப்ப கொஞ்சம் பாத்துக் குடுக்கறதில்லீங்களா?"ன்னார்.

"என்னங்க, எதாச்சும் ஆபாசமா இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங். இந்த ஜமீன்தாரு, மில் ஓனரு, நடிகை, இவங்கெல்லாம் சாகற புக்கே வேண்டாங். ஒரு துரும்பை எடுத்து அக்கட்டப் போட மாட்டேங்கறாங்க. அந்த ஜமீன்தாரு எங்கிட்டயே வெத்தலை கேக்கறாருங். ஒழைக்கற ஆளு சாகற புக்காப் பாத்து எடுத்து வைங்க."

"மர்ம நாவல்ல ஒழைக்கறவனை யாருங்க மெனக்கெட்டுக் கொல்லப் போறாங்க? சொத்தா இருக்குது அவன்கிட்ட?"

"ஏன் இல்லாம? மொதக் கொலையைப் பாத்துப்புட்டு, போலீஸ்ல சொல்லிருவான்னு ரெண்டாவதா கொல்றாங்களே, அந்த வாட்ச்மேனு? டிரைவரு? சமையக்காரம்மா? அவங்கெல்லாம் ஒழைப்பாளிதானுங்களே?"

இத்தனை வருசமா எடுத்து எடுத்துக் குடுத்த நாவல் அத்தனையிலும் மொதச் சாவு பணக்காரனுக்கு, அதை ஊரே தேடும், ரெண்டாவது சாவு வேலைக்காரனுக்கு, அது அரைப் பக்கத்துல முடிஞ்சு போகும், அவன் பேரைக்கூட பாதி நாவல்ல போட்டிருக்க மாட்டாங்க. அது என் மண்டைக்கு எட்டவே இல்லை பாருங்க. அலமாரியில இருக்கற புத்தகத்தை கேக்கற உறுப்பினருக்குக் குடுக்கறதுதான் என் உத்தியோகம், குடுத்தேன். வாட்ச்மேனுங்க வந்தாங்க, டிரைவருங்க வந்தாங்க, கையில கரண்டியோட சமையக்காரம்மா வந்தாங்க, வந்தவங்க பெஞ்சுல உக்காரக்கூட இல்லை, நேரா குடோனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தறிக்காரங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது, பொண்டாட்டிங்க கொஞ்ச நேரம் கண்ணசந்தாங்க. யாரைக் குத்தம் சொல்றது? நான் ராத்திரி படுத்தா மட்டும் தூக்கம் வரலை.

இப்பத்தான் கௌசல்யா வர்றா. வெள்ளிங்கிரி குடோன்ல தறி ஓட்டற நாச்சிமுத்துவோட மக, ஏழாவது படிக்கற புள்ளை. தறியில குறுக்க ஓடற நூலைச் சின்னக் கட்டையில சுத்தி வைக்கணும், அதைத் தார்ம்பாங்க. ஆம்பளை தறி ஓட்டினா வூட்டுப் பொம்பளை தார் போடறதுதான் இங்க வழக்கம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசைத் தறின்னுதான் குடுப்பாங்க. எறங்கி வந்தவங்களையும் அந்தந்தப் புத்தகத்தை ஆரம்பிச்சவங்க வரிசைக்குத்தான் விடுவாங்க, நாச்சிமுத்து புத்தகம் தொடறவர் இல்லை. நாச்சிமுத்து சம்சாரத்துக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சுல எறங்கி இருமல் நிக்கலை, ஆஸ்பத்திரியில குடோன் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் யாரு உக்கார்றது? பள்ளிக்கூடம் விட்டதும் கௌசல்யா தார் போடற ஸ்டூல்ல உக்காருவா, ராச்சோறு நேரம் தாண்டித்தான் எந்திரிப்பா. அதனால கரண்ட் இல்லாத அன்னைக்கு மட்டும்தான் நூலகத்துக்கு வருவா, தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி கெழவி மாதிரி வந்து நிப்பா.

"அக்கா, எனக்கும் மர்மக் கதை குடுங்க்கா."

"உனக்கெதுக்குடி அந்தக் கருமம்? நல்லதா ராசா கதை தர்றேன்."

"ராசா கதையில என்ன நடக்கும்னு தெரியுமுங்க்கா. எனக்குத் தெரியாததா வேணும்."

இந்த மாதிரி கேக்கற புள்ளைக்கு எதைக் குடுக்கறது சொல்லுங்க? குழந்தைங்க அலமாரியைப் பூராக் கிளறினேன். கொலை இருந்தா யாராச்சும் எறங்கி வந்துருவாங்க, அது வேண்டாம், கொலையே இல்லாத மர்மக் கதையாத் தேடி, கிளிக்கூண்டு பங்களா மர்மம்னு ஒண்ணு எடுத்தேன். அனுராதான்னு ஒரு பங்களா வீட்டுப் பொண்ணு காணாமப் போயிடுவா, அப்பாவும் துப்பறியற ரெண்டு பசங்களும் தேடுவாங்க, கடைசியில உசுரோட கெடைச்சிருவா. யாரும் சாகறதில்லை, பயமில்லைன்னு குடுத்தேன். மூலையில குத்தவச்சு உக்காந்து மூச்சு விடாம படிச்சா. பாதி போயிருக்கும், கரண்ட் வந்துருச்சு, ஊரே தடதடன்னு கெளம்பிருச்சு, புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஸ்டூலுக்கு ஓடினா.

ரெண்டு நாள் கழிச்சு பெஞ்சுல ஒரு குழந்தை உக்காந்திருந்துச்சு. பூப்போட்ட கவுனு, ஒரு கால்ல மட்டும் ஷூ. இன்னொண்ணு கதையில குளத்துக்கரையில கெடக்கும், அதை வச்சுத்தான் தேடவே ஆரம்பிப்பாங்க. செத்தவங்க மட்டுமில்லை, காணாமப் போனவங்களும் எறங்கி வருவாங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்? "என்னைத் தேடுகிறார்களா, அத்தை?"ன்னு கேட்டுச்சு. தேடறாங்க கண்ணுன்னேன், உங்கப்பா தேடறாருன்னேன், சரின்னு தலையாட்டிட்டு மறு நிமிசம், "என்னைத் தேடுகிறார்களா?"ன்னுச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே நாச்சிமுத்து வந்துட்டார். அதிர்ந்து பேசாத மனுசன். பெஞ்சைப் பாத்துக்கிட்டே, "அக்கா, இந்தப் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேனுங். எம்புள்ளைக்குப் பதிலா உக்காரட்டும். இதுக்குக் கையும் வலிக்காது, பாடமும் கெடாதுங்"ன்னார். வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். எந்த வாயை வச்சுச் சொல்றது? கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனார், அந்தக் குழந்தையும் ஒத்தை ஷூவோட தத்தித் தத்தி அவரு கூடப் போச்சு.

ஊருக்கு அது ஒண்ணும் பெருசாத் தெரியலை. கொஞ்ச நாள் கழிச்சு, குழந்தையை வேலைக்கு வச்சிருக்காங்கன்னு யாரோ எழுதிப்போட்டு ஒரு அதிகாரி ஜீப்புல வந்தார், வயசு என்னன்னு கேட்டார், கதையில பத்துன்னு போட்டிருக்குதுங்கன்னாங்க. புத்தகத்தைக் கேட்டு வாங்கி அச்சடிச்ச வருசத்தைப் பாத்தார், அந்தக் கணக்குக்கு அனுராதாவுக்கு அம்பது வயசுக்கு மேல ஆச்சு, வயது வந்தோர்னு எழுதிக்கிட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டார். குடோன்ல அவளுக்குக் காதுல வச்சுக்கப் பஞ்சு குடுத்தாங்க, பூப்போட்ட கவுனு அழுக்காகாம இருக்க யாரோட பழைய சட்டையோ மேல போட்டுவிட்டாங்க. பிரியமாத்தான் இருந்தாங்க.

கௌசல்யா தெனமும் சாயங்காலம் என்கிட்ட வர ஆரம்பிச்சா. படிச்சா பாருங்க, அப்படி ஒரு படிப்பு, கட்டாந்தரை மழையைக் குடிக்கற மாதிரி குடிச்சா. இன்னைக்கு என்ன குடுக்கலாம், நாளைக்கு என்ன குடுக்கலாம்னு எனக்கும் காலையில எந்திரிக்கறப்பவே ஒரு சுறுசுறுப்பு. கடல் பத்தி ஒண்ணு, நட்சத்திரம் பத்தி ஒண்ணு, மறுபடி ஒரு மர்மக் கதை. அதையெல்லாம் மட்டும் ஒரே மூச்சுல முடிச்சுருவா. தலையில பஞ்சு இல்லாம வந்து, "அக்கா, இந்தத் திருடனை ரெண்டாவது அத்தியாயத்துலயே கண்டுபுடிச்சுட்டேன், இன்னும் கஷ்டமாக் குடுங்க"ன்னு சிரிப்பா. நான் சந்தோசமா இருந்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது, ரொம்ப சந்தோசமா இருந்தேன். அந்தக் கிளிக்கூண்டு பங்களாவை மட்டும் அவ திருப்பித் தரலை, நானும் கேக்கலை.

ஒருநாள் தயங்கித் தயங்கி நான்தான் ஆரம்பிச்சேன். "அனுராதா உன்கிட்ட எதாச்சும் கேக்கறாளாடி?"

"கேப்பாங்க்கா. தெனம் அப்பாவுக்குச் சோறு கொண்டுட்டுப் போறப்ப கேப்பா. என்னைத் தேடறாங்களான்னு."

"நீ என்ன சொல்லுவே?"

கையில இருந்த புத்தகத்தோட முனையை மடக்கி மடக்கி விரிச்சா. "தேடலைன்னு சொல்லுவேனுங்க்கா. நான் படிச்ச வரைக்கும் யாரும் தேடலைன்னு."

"எது வரைக்கும் படிச்சிருக்கே?"

"அவங்கப்பா வேட்டியோட குளத்துல எறங்கித் தேடற வரைக்கும்."

அடிப் பாவி மகளேன்னு திட்டலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. திட்ட முடியலை. முடிச்சுரு கண்ணுன்னு சொல்லலாம், சொன்னா முடிச்சுருவா, நாளைக்கே பஞ்சுத் தலையோட ஸ்டூல்ல உக்காருவா, அவங்கம்மா நெஞ்சுல எறங்கின தூசி இவ நெஞ்சுல எறங்கும். சொல்லலைன்னா அந்த ஒத்தை ஷூக் குழந்தை அங்கயே உக்காந்திருக்கும், அவங்கப்பா ஈர வேட்டியோட குளத்துக்குள்ளயே நின்னுட்டு இருப்பார். ரெண்டும் குழந்தைதானே! நான் போய் அட்டை கிழிஞ்ச புத்தகத்துக்குப் பசை தடவிக்கிட்டு உக்காந்தேன். அலுப்பா இருந்துச்சு, அப்படி ஒரு அலுப்பு, எலும்புக்குள்ள இருந்து வர்ற அலுப்பு.

அப்புறம் ஒரு சாயங்காலம் கௌசல்யா வந்தா, புத்தகம் கேக்கலை, மேசைகிட்ட வந்து நின்னா.

"இன்னைக்கு அவ கேக்கலைங்க்கா."

"எவ?"

"அனுராதா. நான் போய் பக்கத்துல நின்னேன், கேப்பா கேப்பான்னு நின்னேன். நிமிந்து பாத்துட்டு, 'தார் தீந்துபோச்சுங், நூலு எடுத்தாங்'ங்கறா. நம்மள மாதிரியே பேசறாங்க்கா. நானே, 'உன்னையத் தேடறாங்களான்னு கேக்க மாட்டியா?'ன்னேன். 'யாரை?'ங்கறா." சொல்லிக்கிட்டே இருந்தவ ஓன்னு அழுதுட்டா. "எனக்குப் பயமா இருக்குதுங்க்கா."

கிட்ட இழுத்து வச்சுக்கிட்டேன். அழுது முடிச்சு மூக்கைத் தொடச்சுக்கிட்டு அவளே, "மிச்சக் கதையைத் தறிச்சத்தத்துல படிச்சா அவளுக்குக் கேக்காது. கரண்ட் இல்லாத அன்னைக்குத்தான் படிக்கணும்"னா.

மின்சார வாரியத்துல பராமரிப்புன்னு கரண்டை நிறுத்தின நாள் வந்துச்சு. நானும் அவ கூடவே குடோனுக்குப் போனேன். தறியெல்லாம் நின்னு கெடக்குது, வேலையில்லாத பாதிப் புத்தகத்து ஆளுங்க சுவரோரமா நிக்கறாங்க, அனுராதா மட்டும் ஓடாத தார் மெசினுக்கு முன்னாடி ஸ்டூல்ல உக்காந்து வெறுங்கையால நூல் சுத்திக்கிட்டு இருக்கறா. கௌசல்யா அவ முன்னாடி தரையில உக்காந்து புத்தகத்தைப் பிரிச்சா. அடையாளத்துக்கு வச்சிருந்த சிவப்பு நூலை எடுத்தா.

வெள்ளிங்கிரி வந்துட்டார். சத்தம் போடலை, குனிஞ்சு தன்மையாத்தான் சொன்னார். "கண்ணு, நீ படிச்சு முடிச்சுட்டா இந்தப் புள்ளை போயிரும். நாளைக்கு இந்த ஸ்டூல்ல யாரு உக்கார்றதுன்னு ரோசனை பண்ணிக்க."

"நாந்தானுங்க"ன்னா கௌசல்யா, தலையைத் தூக்காம.

நாச்சிமுத்து தறிக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தார்.

அவ படிச்சா. அப்பா குளத்துல எறங்கித் தேடினதைப் படிச்சா, கெணத்துல எறங்கித் தேடினதைப் படிச்சா, ஊர் ஊரா பஸ் ஏறி எறங்கி, சாப்பிடாம, தாடி மழிக்காம, ஒத்தை ஷூவைக் கையில வச்சுக்கிட்டு, எங்க எந்தக் குழந்தை சிரிச்சாலும் திரும்பித் திரும்பிப் பாத்துத் தேடினதைப் படிச்சா, கௌசல்யா குரல் கம்மிப் போச்சு, தண்ணி குடிச்சுட்டு மறுபடி படிச்சா, சுவரோரம் நின்ன வாட்ச்மேனுங்க கிட்ட வந்து உக்காந்தாங்க, சமையக்காரம்மா கரண்டியை மடியில வச்சுக்கிட்டாங்க, அந்த ஊரு அன்னைக்குத்தான் முதல்முதலா ஒரு கதையை முடியற வரைக்கும் கேட்டுச்சு. அனுராதாவோட கை மெதுவா நின்னுச்சு. "தேடுகிறார்களா?"ன்னு கேட்டா. பழைய மாதிரி, புத்தகத் தமிழ்ல. "தேடறாங்க. மொதல்ல இருந்தே தேடறாங்க. நான்தான் பொய் சொன்னேன்"னா கௌசல்யா. அனுராதா கோவிச்சுக்கவே இல்லை. மோட்டார் ரூமுல அவளை அடைச்சு வச்ச கணக்குப்பிள்ளை பிடிபட்டான், கதவை ஒடைச்சாங்க, கடைசி வரிக்கு வந்தாச்சு, அப்ப அனுராதா, "கொஞ்சம் இரு"ன்னா.

"நான் போய்விட்டால் நீதான் இங்கே உட்கார வேண்டுமாமே. உன்னை யார் தேடுவார்கள்?"

கௌசல்யா வரியில வெரலை வச்சுக்கிட்டு நிமிந்தா. வெள்ளிங்கிரியைப் பாத்தா, அவரு செல்போனைப் பாத்தார். அப்பாவைப் பாத்தா, அவரு தறியைப் பாத்தார். என்னைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன்.

"நான் காணாமப் போகலையே. இங்கதான் இருக்கேன்"னு சொல்லிட்டு, கடைசி வரியைப் படிச்சா.

ஸ்டூல் காலியாச்சு. அந்தப் பழைய சட்டை மட்டும் மேல கெடந்துச்சு. கொஞ்ச நேரத்துல கரண்ட் வந்துச்சு, தறியெல்லாம் கெளம்புச்சு, கௌசல்யா எந்திரிச்சு, சட்டையை ஒதறி மடிச்சு வச்சுட்டு, யாரும் சொல்லாம அந்த ஸ்டூல்ல போய் உக்காந்தா.

அடுத்த நாள் சாயங்காலம் அவ உக்கார்ற மூலை காலியாக் கெடந்துச்சு. அவளுக்குன்னு எடுத்து வச்ச புத்தகம் மேசை மேல இருந்துச்சு, எரிமலை பத்தினது, படம் போட்டது. அதை எடுத்து அலமாரியில வச்சேன், மறுபடி எடுத்தேன், மறுபடி வச்சேன். அப்புறம் எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சோ, பேப்பர் படிச்சுட்டு இருந்தவங்களை எல்லாம் எந்திரிங்க எந்திரிங்கன்னு வெளிய அனுப்பிட்டு, மூடற நேரத்துக்கு முன்னாடியே பூட்டைப் போட்டுட்டு, முட்டி வலியோட விறுவிறுன்னு நடந்தேன்.

வெள்ளிங்கிரி குடோன் வாசல்லயே நின்னார். "என்னங்க்கா, இந்நேரத்துக்கு?"

"ஒரு புள்ளையக் காணோங்க. தேடிட்டு வந்தேன்."

பதறிப் போயிட்டார், கெட்டவர்னு அவரைச் சொல்லவும் முடியாது. "ஐயையோ, யாரு புள்ளைங்க? எப்ப இருந்து? சொல்லுங், ஆளுங்களை வண்டியில அனுப்பறேன்."

"கௌசல்யா. நாச்சிமுத்து மக."

அவரு மொகம் சுருங்கிருச்சு. "வெளையாடறீங்களா? அது உள்ளதானே உக்காந்திருக்குது."

"எனக்குக் காணோங்க"ன்னேன், சொல்லிட்டு அவரைத் தாண்டி உள்ள போயிட்டேன்.

உள்ள தறிச்சத்தம் காதை அடைக்குது. அவ முதுகுதான் தெரியுது, முடியில அதுக்குள்ள பஞ்சு. "கௌசல்யா!"ன்னேன், என் சத்தம் எனக்கே கேக்கலை. சத்தம் போடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கினவ நான், எனக்குக் கத்தத் தெரியலை. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன், வாட்ச்மேனுங்க திரும்பிப் பாத்தாங்க, அவ திரும்பலை. மறுபடி கத்தினேன், காணாமப் போன புள்ளைய எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படிக் கூப்பிட்டேன்.

நாச்சிமுத்து என்னைப் பாத்தார். மக முதுகைப் பாத்தார். அப்புறம் தன் தறி ஒண்ணை நிறுத்தினார். ஓடற தறியைக் காரணமில்லாம நிறுத்தறவன் இந்த ஊர்ல கெடையாது. அடுத்ததை நிறுத்தினார். வரிசையா அத்தனையையும் நிறுத்திட்டு, கையைத் தொடச்சுக்கிட்டே போய் அவ பக்கத்துல குனிஞ்சு நின்னார்.

"அம்மிணி, எந்திரி. உன்னையத் தேடிட்டு வந்திருக்காங்க"ன்னார்.